தமிழில் தடித்த சாய்வெழுத்துரு

தடித்த சாய்வெழுத்துரு என்பது கோடுகள் பருமனாகவும் எழுத்துகள் வலப்புறம் சாய்ந்தும் அமைந்த எழுத்துரு ஆகும். இது பெரும்பாலும் தலைப்புகளுக்கும் விளம்பரங்களுக்கும் பயன்படுகிறது. தமிழில் இதற்கு எடுத்துக்காட்டாக, கூகுளின் நோட்டோ திட்டத்தில் வெளிவந்த நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவின் தடித்த சாய்வு வடிவத்தைக் கூறலாம்.

தோற்றம்

ஐரோப்பாவில் சாய்வெழுத்து கையெழுத்திலிருந்து பிறந்தது. வெனிஸ் நகர அச்சகத்தார் ஆல்டஸ் மனூட்டியஸ், பிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிய சாய்வெழுத்தில் 1501இல் வெர்ஜிலின் நூலை அச்சிட்டார். தடித்த எழுத்துகள் 19ஆம் நூற்றாண்டு விளம்பரங்களில் பெருகின.

தமிழ் அச்சு 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கத்திலேயே தொடங்கிவிட்டது. ஆயினும் சாய்வுக்கெனத் தனி வடிவ மரபு தமிழில் வளரவில்லை. அழுத்தம் காட்ட மேற்கோள் குறியும் கொட்டை எழுத்துமே போதுமானவையாக இருந்தன. இதழ்க் கதைகளின் தலைப்பையும் திரைப்படப் பெயரையும் ஓவியர்கள் தூரிகையால் சாய்த்து எழுதினர்.

அமைப்பு

நோட்டோ செரிஃப் தமிழில் தடித்த கோடும் மெல்லிய கோடும் மாறி மாறி வருகின்றன. மெலிந்தது முதல் மிகத் தடித்தது வரை 9 நிலைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் சாய்வு வடிவமும் உண்டு. எழுத்தின் உருவம் மாறுவதில்லை. நேர் எழுத்தே சாய்ந்து நிற்கிறது. இதற்கு மாறாக, தாரிக் அசீஸ் வடிவமைத்த கவிவாணர் எழுத்துருவில் சாய்வு கையெழுத்தின் போக்கிலேயே வருகிறது. ஆனால் அதில் தடித்த வடிவம் இல்லை.

விண்டோசில் வரும் லதா எழுத்துருவுக்கு இயல்பு, தடிப்பு என இரு வடிவங்களே உள்ளன. சாய்வுப் பொத்தானை அழுத்தினால் மென்பொருள் நேர் எழுத்தை அப்படியே தள்ளிச் சாய்த்துவிடும். அப்போது வட்டச் சுழிகள் நீள்வட்டமாகும். கோட்டின் பருமன் ஓரிடத்தில் கூடி மற்றோரிடத்தில் குறையும்.

குறைகள்

தடிப்பும் சாய்வும் சேரும்போது தமிழில் மூன்று இடர்கள் எழுகின்றன.

1. முச்சுழி ணகரத்தையும் இருசுழி னகரத்தையும் பிரித்துக் காட்டுவது சுழியே. கோடு தடித்தால் சுழியின் உள்வெளி அடைபடும். சிறிய அளவில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும்.

2. ரகரத்தைத் துணைக்காலிலிருந்து வேறுபடுத்துவது அதன் அடியில் இடப்புறம் இறங்கும் சிறு கோடு. எழுத்து சாயும்போது காலும் அதே திசையில் இறங்குவதால் அந்த வேறுபாடு மங்குகிறது.

3. மெய்யெழுத்தின் புள்ளி வலப்புறம் நகர்கிறது. அடுத்து நேர் எழுத்தோ அடைப்புக்குறியோ வந்தால் அதன்மேல் புள்ளி முட்டும்.

பயன்பாடு

குரும்பலூர் போன்ற பேரூர்களில் திருமண ஃப்ளெக்ஸ், கோயில் திருவிழாச் சுவரொட்டி, கடைப் பலகை ஆகியவற்றுக்கு இவ்வகை எழுத்து பொருந்தும். அங்கே சொற்கள் சில, அளவு பெரிது, வழிப்போக்கரின் கண்ணை ஈர்ப்பதே நோக்கம். மணமக்கள் பெயரைச் சாய்த்து, நாளையும் இடத்தையும் நேர் எழுத்தில் இடுவது நல்ல முறை.

வரி செலுத்தும் கடைசி நாள், மருந்தின் அளவு, வினாத்தாள், தொடக்கப் பள்ளிப் பாடம் ஆகியவற்றில் இதைத் தவிர்க்க வேண்டும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தைக்கும் பார்வை மங்கிய முதியவருக்கும் ஒரு சுழி மறைந்தாலே பொருள் மாறும். 'மணம்', 'மனம்' என்ற இரு சொற்களே இதற்குச் சான்று.

மதிப்பீடு

நோட்டோ செரிஃப் தமிழின் சாய்வு, மென்பொருள் தள்ளிச் சாய்ப்பதைவிடச் சீரானது. கட்டணமின்றிக் கிடைப்பதும் அதன் சிறப்பு. ஆனால் அது நேர் எழுத்தின் சாய்ந்த நிழலே. தூரிகை ஓவியர்களின் தலைப்பெழுத்துகளில் இருந்த ஓட்டம் அதில் இல்லை. அந்தக் கைவண்ணத்தைக் கற்று, சுழி அடைபடாமல் வரையப்படும் தடித்த சாய்வெழுத்தே தமிழுக்கு இன்று தேவை.