மிளகாய் நாற்றின் மஞ்சளும் யூரியாக் கைவைத்தியமும்

மிளகாய் நாற்று வெளுத்தால் யூரியாவைக் கரைத்துத் தெளிப்பது தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் ஊறிப்போன வழக்கம். மேட்டுப்பாத்தியில் நாற்று விடும் உழவரும் மொட்டைமாடியில் குழித்தட்டு வைத்திருப்பவரும் இதில் வேறுபடுவதில்லை. மஞ்சள் என்றால் தழைச்சத்துக் குறைவு, தழைச்சத்து என்றால் யூரியா என்பதே இவ்வழக்கின் அடிப்படை. இது பல இடங்களில் பலிக்கிறது. ஆனால் அரியாங்குப்பம் போன்ற கழிமுகக் கரை ஊரில், பலிக்காத இடங்களையே முதலில் அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

வழக்கத்தின் பக்கம் உள்ள நியாயம் சிறியதல்ல. முளைத்த நாற்று முதல் சில நாள்கள் விதையில் இருந்த சேமிப்பைக் கொண்டே வளர்கிறது. தென்னை நார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டில் அதன் பிறகு உண்ண ஏதுமில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் குழித்தட்டு முறை, விதைத்த 18ஆம் நாளில் 19:19:19 கரையும் உரத்தை லிட்டருக்கு 5 கிராம் வீதம் ஊற்றச் சொல்வது இதனால்தான். பாத்தியிலும் கதை ஏறக்குறைய அதுவே. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டும் வடகிழக்குப் பருவமழை, கடலோர மணற்பாங்கான மண்ணிலிருந்து நைட்ரேட்டை வேர் எட்டாத ஆழத்துக்குக் கொண்டுபோய்விடும். மழை விட்ட வாரத்தில் அடி இலைகள் சீராக வெளிறி, கொழுந்து மட்டும் பச்சையாக நின்றால், அங்கே யூரியா சரியான மருந்து. செடி தழைச்சத்தை மூத்த இலையிலிருந்து உருவிக் கொழுந்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது என்பதே அந்தக் கோலத்தின் பொருள். லிட்டருக்கு 5 கிராம் கரைத்து மாலையில் இலைவழி தெளித்தால் சில நாள்களில் தேறிவிடும். இவ்வளவு மலிவாகவும் விரைவாகவும் பலன் தரும் வழி வேறில்லை. வித்திலைகள் இரண்டும் பழுத்து உதிர்வதற்கு மட்டும் எந்த மருந்தும் வேண்டாம். அவற்றின் வேலை முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

குறை தொடங்குவது, எந்த இலை, எந்த மாதிரி மஞ்சள் என்று பாராமல் கரைசலைக் கையில் எடுக்கும்போது. கொழுந்து வெளுத்து நரம்புகள் மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் இரும்புச்சத்துப் பற்றாக்குறை. இரும்பு செடிக்குள் எளிதில் இடம்பெயராது, அதனால் புதிய இலையே முதலில் தவிக்கும். மண்ணில் இரும்பு இல்லாமல் இப்படி ஆவது குறைவு. காரத்தன்மையும் பைகார்பனேட்டும் மிகுந்த கிணற்று நீர் அதை வேருக்குக் கிடைக்காமல் பூட்டிவிடுவதே வழக்கமான காரணம். நரம்பிடை மஞ்சள் அடி இலையில் தோன்றினால் மெக்னீசியத்தை ஐயுற வேண்டும். நார்க்கழிவில் பொட்டாசியமும் சோடியமும் இயல்பாகவே மிகுதி. அவை வேரில் மெக்னீசியத்தோடும் கால்சியத்தோடும் போட்டியிடுகின்றன. இவ்விரண்டு நிலையிலும் யூரியா நோயைத் தொடவே தொடாது. பாடநூல்களின் வண்ணப்படங்களும் ஓரளவுக்கே துணை செய்யும். அவை ஒரே ஒரு சத்தை நீக்கி வளர்த்த செடியைக் காட்டுபவை. தட்டில் இருக்கும் நாற்றுக்கோ இரண்டு மூன்று குறைகள் ஒன்றாக வந்து சேர்ந்திருக்கும்.

இதைவிடக் கடுமையான பிழை, வேரையும் தண்ணீரையும் விட்டுவிட்டு இலையில் தொடங்குவது. சங்கராபரணியின் கிளையான அரியாங்குப்பம் ஆறு கடலில் கலக்கும் பகுதி இது. கடலேற்றத்தில் உப்புநீர் ஆற்றுக்குள் ஏறி வரும். கரையோரங்களில் ஒரு கிணற்றின் நீர் நன்றாக இருக்க, சற்றுத் தள்ளியுள்ள போர் நீர் உவர்க்கலாம். மிளகாய் உப்பைத் தாங்கும் பயிரல்ல. மண்சாற்றின் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 1.5 டெசிசீமென்ஸைத் தாண்டினால், அதற்கு மேல் ஏறும் ஒவ்வோர் அலகுக்கும் விளைச்சல் ஏறத்தாழ 14 விழுக்காடு குறையும் என்பது உவர் ஆய்வுகளில் நிலைபெற்ற கணக்கு. வளர்ந்த செடியின் நிலையே இதுவென்றால் நாற்றின் பாடு இன்னும் மோசம். சரியாகக் கழுவாத நார்க்கழிவு தன் பங்குக்கும் உப்பைச் சேர்க்கிறது. இலை ஓரம் கருகி, உட்பகுதி மஞ்சளாகி, ஈரமிருந்தும் நண்பகலில் நாற்று துவண்டால் உப்பே முதற்குற்றவாளி. அதன் மேல் உரக்கரைசலை ஊற்றுவது உப்பின் மேல் உப்பு. குழித்தட்டின் சின்னஞ்சிறு குழிக்குள் யூரியா அம்மோனியாவாக மாறும்போது வேர்நுனி கருகும் ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. இங்கே மருந்து நல்ல தண்ணீர்தான். சேமித்த மழைநீரையோ உப்பற்ற நீரையோ கொண்டு, அடித்துளை வழியே வடியும்படி நன்றாக ஊற்றிக் கழுவிவிட வேண்டும்.

மட்காத நார்க்கழிவு இன்னொரு சிக்கலையும் கொண்டுவருகிறது. அதில் கரிமமும் தழைச்சத்தும் ஏறத்தாழ 112க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கும். சிப்பிக்காளானும் யூரியாவும் இட்டு மட்கவைத்தால் அது 24க்கு 1 ஆக இறங்கும். மட்காததில் நட்டால் நுண்ணுயிர்களே தழைச்சத்தை முதலில் உண்டுவிடும், நாற்று பட்டினி கிடக்கும். அப்போது யூரியா இடுவது தற்காலிகமாகக் கைகொடுக்கும். ஆனால் உண்மையான தீர்வு, மட்கிய கழிவை வாங்குவதில் இருக்கிறது.

மிகைநீர் இவை எல்லாவற்றையும்விடப் பரவலான காரணம். குளிர்நாட்டுத் தோட்ட நூல்கள் மஞ்சளுக்குக் குளிர்ந்த சன்னலோரத்தைப் பழிக்கும். புதுச்சேரிக் கடற்கரையில் அந்தக் கவலைக்கு இடமில்லை. இங்கே மழைமூட்டம் நிறைந்த கார்த்திகையிலும் பூவாளியைக் காலை மாலை தவறாமல் தூக்குவதே தொல்லை. நீர் தேங்கிய குழியில் வேருக்குக் காற்றில்லை. காற்றில்லாத வேர் உரம் இருந்தாலும் எடுக்காது. அடி இலை மஞ்சளாவதைப் பார்த்தால் தழைச்சத்துக் குறைவு போலவே இருக்கும், ஆகவே யூரியாவும் அதைக் கரைக்க மேலும் நீரும் வந்து சேரும். ஒரே ஒரு நாற்றைப் பிடுங்கிப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும். வேர் வெண்மையாக இருந்தால் சத்துக் குறையைத் தேடலாம். பழுப்பாகி, இழுத்தால் மேல்தோல் உரிந்து வந்தால் நீரை நிறுத்த வேண்டும். தண்டின் அடி நைந்து நாற்று சாய்ந்தால் அது பித்தியம் பூசணத்தின் நாற்றழுகல். லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கரைத்து வேரடியில் ஊற்றுவது பரிந்துரை. வடிகாலைச் சரிசெய்யாமல் ஊற்றினால் அதுவும் வீண்.

வேரும் நீரும் குற்றமற்றவை என்று தெரிந்த பின் ஐயத்தைத் தீர்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு நாற்றின் இலையில் 0.5 விழுக்காடு இரும்பு சல்பேட் கரைசல், மற்றொன்றில் மெக்னீசியம் சல்பேட், வேறொன்றில் யூரியா எனத் தனித்தனியே தடவிவிட்டு, சில நாள் கழித்து எது பச்சை பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். தட்டு முழுவதையும் பணயம் வைக்காத இந்தப் பொறுமை, கைவைத்தியத்தில் இல்லாத ஒன்று. நீரின் உப்பையும் காரநிலையையும் கண்ணால் அளக்க இயலாது. அதற்குக் குரும்பாபேட்டிலுள்ள பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையம் போன்ற இடங்களின் உதவியை நாடுவது நல்லது. விதை விடும் முன்பே நீரைச் சோதித்துவிட்டால் பாதித் தொல்லை வராது.

யூரியாவின் இன்னொரு பக்கவிளைவு பேசப்படுவது குறைவு. மிகுந்த தழைச்சத்தில் இலை மென்மையாகி, இலைப்பேனையும் வெள்ளை ஈயையும் அழைக்கும். இலைப்பேன் இலையை மேல்நோக்கிச் சுருட்டும், முரணைச் சிலந்தி கீழ்நோக்கிச் சுருட்டும். வெள்ளை ஈ கொண்டுவரும் இலைச்சுருட்டை வைரஸ் தாக்கினால் கொழுந்து மஞ்சளாகிச் சுருண்டு, செடி குட்டையாக நின்றுவிடும். இதற்கு எந்த உரமும் மருந்தும் இல்லை. அந்த நாற்றைப் பிடுங்கி அழித்து, மற்றவற்றை 50 கண்ணி நைலான் வலைக்குள் வைப்பதே வழி.

தேறுதலைக் கணிப்பதிலும் அவசரம் கூடாது. முற்றிலும் மஞ்சளான அடி இலை மீண்டும் பச்சையாவது அரிது. அதைப் பார்த்து மருந்து பலிக்கவில்லை என்று மறுபடி தெளிப்பது வீண்செலவு. புதிதாக விரியும் இரண்டு இலைகளின் நிறமே சான்று. நடவுக்குரிய 35 முதல் 45 நாளுக்குள் அவை பச்சையாக விரிந்து வேரும் வெண்மையாக இருந்தால் நாற்றை நடலாம், இல்லாவிட்டால் கழித்துவிடலாம்.