பெயரை மாற்றியது யாருக்காக?

கேட்கப்போவது உண்மைக் கதை, குற்றமற்றவர்களைக் காப்பாற்றப் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறோம். 1949இல் அமெரிக்காவின் என்.பி.சி. வானொலியில் தொடங்கிய 'டிராக்நெட்' நாடகம் வாரந்தோறும் இப்படிச் சொல்லித்தான் ஆரம்பிக்கும். கதைகள் லாஸ் ஏஞ்சல்ஸ் போலீசின் வழக்குக் கட்டுகளிலிருந்து எடுத்தவை. நாடகத்தை உருவாக்கி, சார்ஜெண்ட் ஃப்ரைடேயாக நடித்தவர் ஜாக் வெப்.

இன்னைக்குக் கேட்டாலும் ஆளை இழுத்து உக்கார வைக்குது. கத்தல் இல்லை, அழுகை இல்லை. காலடிச் சத்தம், டெலிபோன் மணி, சலிப்பான விசாரணை, கடைசியில் இவ்வளவு தண்டனை என்று ஒரு வாசிப்பு. அந்த அடக்கத்தில்தான் சூது இருக்கிறது. இங்கே உண்மை என்றால் போலீஸ் எழுதிவைத்த உண்மை. வசனமும் போலீஸ் பார்வைக்குப் போய்விட்டுத்தான் வரும். வழக்கு எழுதுகிறவன் பேனாவில்தான் வழக்கே இருக்கு என்பதைச் சேரிக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இது வெப் கண்டுபிடித்த வித்தையல்ல. 1935இல் ஃபிலிப்ஸ் லார்ட், எஃப்.பி.ஐ. தலைவர் ஹூவரின் ஒத்துழைப்போடு 'ஜி-மென்' நடத்தினார். அடுத்த வருஷமே அது 'கேங் பஸ்டர்ஸ்' ஆனது. போலீஸ் அதிகாரியே தன் வழக்கைச் சொல்வதுபோல அமைப்பு; அவருக்குப் பதிலாக ஒரு நடிகர் பேசுவார். பிடிபட்டவனுக்குப் பதிலாகப் பேச யாரையும் வைக்கவில்லை.

1951 டிசம்பர் 25 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் போலீசார் தங்கள் காவலில் இருந்த ஏழு பேரைக் கூட்டமாகச் சேர்ந்து அடித்து நொறுக்கினார்கள். அதில் ஐந்து பேர் மெக்சிக வம்சாவளி இளைஞர்கள். அதே மாதம்தான் 'டிராக்நெட்' டெலிவிஷனுக்கும் போனது. அடித்தவனே கதைசொல்லியாக இருக்கிற நாடகத்தில் இந்தக் கதைக்கு வாசல் எங்கே?

வேறொரு குரலும் அதே வானொலியில் கேட்டது. 1946 பிப்ரவரி 12 அன்று, ராணுவத்திலிருந்து அன்றுதான் விடுவிக்கப்பட்ட கறுப்பின சார்ஜெண்ட் ஐசக் வுடார்டு, சீருடையோடு பஸ்ஸில் ஊர் திரும்பினார். ஒண்ணுக்குப் போக வண்டியை நிறுத்தச் சொன்னதில் டிரைவரோடு வாக்குவாதம். தென் கரோலினாவில் வண்டியிலிருந்து இறக்கப்பட்டார். போலீஸ் தடியால் அடித்ததில் இரண்டு கண்ணும் போச்சு. ஜூலை 28 அன்று ஆர்சன் வெல்ஸ் தன் நிகழ்ச்சியில் வுடார்டின் வாக்குமூலத்தை அப்படியே வாசித்தார். அடித்தவன் பெயர் அப்போது தெரியவில்லை. 'ஆபீசர் எக்ஸ்' என்று அழைத்து, கண்டுபிடிக்காமல் விடமாட்டேன் என்றார். இங்கே பெயர் மறைக்க அல்ல, தோண்டியெடுக்க.

முதலில் ஏய்க்கன் என்று தப்பான ஊர் சொல்லப்பட்டு, அந்த ஊர் கொதித்தது. பிறகுதான் பேட்ஸ்பர்க் என்று தெரிந்தது. ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு. வாரம் போகப்போக வுடார்டு பின்னால் போய்விடுகிறார். வெல்ஸ் துப்பறிகிற நாயகனாக முன்னால் வந்துவிடுகிறார். அந்த நிகழ்ச்சியில் கனமானது வெல்ஸின் ஆவேசம் அல்ல, அலங்காரமில்லாத அந்த வாக்குமூலம்தான்.

பேட்ஸ்பர்க் போலீஸ் தலைவர் லின்வுட் ஷல் அந்த நவம்பரில் கூண்டேறினார். முழுக்க வெள்ளையரான ஜூரி அரைமணி நேரத்துக்குள் விடுதலை செய்தது. 1951இல் வெல்ஸ் 'பிளாக் மியூசியம்' தொடரில் கதைசொல்லியானார். லண்டன் போலீசின் அருங்காட்சியகம், ஒவ்வொரு கதைக்கும் ஒரு தடயப் பொருள். கேக்க நல்லாத்தான் இருக்கு. வுடார்டு 1992 வரை பார்வையில்லாமல் வாழ்ந்தார்.