ஊர்வாயும் ஒரு தாயும்: புறநானூற்றில் போர்ச்சாவு

1999 ஜூன் மாதம். கார்கிலில் சண்டை நடந்துகொண்டிருந்தது. மூணாற்றை அடுத்த ஒரு எஸ்டேட் பள்ளிக்கூடத்தில், உயிர்நீத்த வீரர்களுக்கு அஞ்சலிக் கூட்டம் போட்டார்கள். வெளியே நல்ல மழை. தமிழ் படித்தவன் என்பதால் என்னையும் பேசச் சொன்னார்கள். இப்படிப்பட்ட மேடைக்கென்றே நம்மிடம் ஒரு பாட்டு இருக்கிறதே! புறநானூற்று 278ஆம் பாடலை எடுத்துக்கொண்டேன். மகன் புறமுதுகு காட்டினான் என்று கேள்விப்பட்ட முதிய தாய், அது உண்மையானால் அவனுக்குப் பால் கொடுத்த மார்பை அறுத்தெறிவேன் என்று வாளோடு களத்துக்குப் போய், வெட்டுண்டு கிடந்த அவன் உடலைக் கண்டு, பெற்ற நாளைவிடப் பெரிதும் மகிழ்ந்தாள் என்று குரலை உயர்த்திச் சொன்னேன். நல்ல கைதட்டல்.

கூட்டம் முடிந்து சுக்குக்காப்பி குடிக்கும்போது, கொழுந்தெடுக்கிற அம்மா ஒருவர் பக்கத்தில் வந்தார். அவருடைய மகன் அப்போது பட்டாளத்தில் இருந்தான், வடக்கே எங்கோ.

“சாரே, அந்தத் தாயி அழவே இல்லியா?”

“இல்லம்மா. சந்தோசப்பட்டாள்னுதான் பாட்டுல இருக்கு.”

“யாரு பாத்தா? வீட்டுக்குப் போயி கதவச் சாத்திட்டு அழுதிருப்பா. பாட்டுக் கட்டுனவரு அதுக்குள்ள போயிருப்பாரு.”

“பாட்டுக் கட்டுனதும் பொம்பளதாம்மா.”

“அப்ப அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்” என்று சொல்லிவிட்டுக் கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு லயத்துக்குப் போய்விட்டார்.

அந்தப் பையன் நல்லபடியாகத் திரும்பி வந்தான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு 278ஐ மேடையில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

பாடலைப் பாடியவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார். பதிற்றுப்பத்தில் ஆடுகோட்பாட்டுச் சேரலாதனைப் பாடிய அதே அம்மையார்தாம். ஆகவே சேரநாட்டில் குடியிருக்கும் நமக்கு அவர் ஒருவகையில் பக்கத்து வீட்டுக்காரர். ஒன்பதே அடிகள் கொண்ட அப்பாட்டில் நான் அதுவரை கவனிக்காமல் விட்ட ஒரு சொல் இருக்கிறது: ‘பலர்’. மகன் படையைக் கண்டு பின்வாங்கினான் என்று ‘பலர்’ வந்து சொல்கிறார்கள். யார் அந்தப் பலர்? பெயர் இல்லை, முகம் இல்லை. களத்துக்குப் போய் வந்தவர்களா என்றும் தெரியாது. அவர்கள் சொன்னது பொய் என்பது மட்டும் பாட்டின் முடிவில் தெரிகிறது.

அந்தத் தாய் முதலில் சினந்தது ஊர்வாய்க்குப் பயந்து. நரம்பெழுந்து வற்றிய தோளோடு பிணங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்ததும் அதனால்தான். அவள் அடைந்த மகிழ்ச்சி மகன் செத்ததற்கா, அவன்மேல் விழுந்த பழி கழிந்ததற்கா? என் வாசிப்பில் இரண்டாவதுதான். பாட்டில் கொடுமை இருக்கிறது என்றால் அது அந்தத் தாயிடம் இல்லை; உறுதிப்படுத்திக்கொள்ளாமல் வந்து சொன்ன அந்தப் பலரிடம் இருக்கிறது. பள்ளிக்கூட மேடையில் நின்று குரலுயர்த்திய நானும் அந்தப் பலரில் ஒருவன்தான் என்பது கொஞ்சம் தாமதமாகவே எனக்கு உறைத்தது.

இதே கண்ணோடு மற்ற மேடைப் பாடல்களையும் பார்க்கலாம். ஒக்கூர் மாசாத்தியாரின் 279ஆம் பாடல் நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். முன்னொரு நாள் போரில் அவள் தமையன் யானையை எறிந்து வீழ்ந்தான் (தந்தை என்று சொல்வாரும் உண்டு). நேற்றுக் கணவன் ஆநிரைப் போரில் பட்டான். இன்று மறுபடி பறை கேட்கிறது. ஒரே மகன், காய்ந்த குடுமியில் எண்ணெய் தடவிச் சீவி, வேலைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள். எல்லோரும் இதைச் சொல்வார்கள். ஆனால் பாட்டு தொடங்குவது இப்படியல்ல. இவள் சிந்தை கெடுக, இவள் துணிவு கடுமையானது என்ற அதிர்ச்சியோடு தொடங்குகிறது. இகழ்வது போலப் புகழ்வது என்று உரை சொல்லிவிடுவார்கள். சரி, புகழ்ச்சியாகவே இருக்கட்டும். புகழவந்த புலவருக்கும் முதலில் வாயில் வந்தது ஒரு பதற்றம் அல்லவா? அந்த முதல் அடியை விட்டுவிட்டு எண்ணெய் தடவுவதிலிருந்து தொடங்கும் பேச்சாளர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பொன்முடியாரின் 312 இன்னும் வேடிக்கை. பெற்று வளர்ப்பது தாயின் கடன், சான்றோனாக்குவது தந்தையின் கடன் என்று அடுக்கிவரும் அப்பாட்டு, மகனின் கடனாகச் சொல்வது என்ன? சாவதையா? இல்லை. போரில் யானையை வீழ்த்திவிட்டுப் ‘பெயர்தல்’, அதாவது திரும்பி வருதல். கடன் பட்டியலின் கடைசி வரி மகனை வீட்டுக்குக் கூப்பிடுகிறது. வீரவணக்கக் கூட்டங்களில் இப்பாட்டைச் சொல்கிறவர்கள் அந்தச் சொல்லின்மேல் கால் படாமல் தாண்டிப் போய்விடுகிறோம்.

புறநானூற்றைத் தொகுத்தவர்கள் நம்மைப்போல ஓரவஞ்சனை செய்யவில்லை. 255ஆம் பாடலைப் பாருங்கள். வன்பரணர் பாடியது, ஆறே அடி. காட்டுவழியில் கணவன் பட்டுக் கிடக்கிறான். கத்தி அழலாம் என்றால் புலி வந்துவிடுமோ என்று பயம். அணைத்துத் தூக்கலாம் என்றால் அகன்ற மார்பு, அவளால் முடியவில்லை. இப்படிச் செய்த கூற்றுவனும் என்னைப் போலவே நடுங்கட்டும் என்று சபிக்கிறாள். பிறகு செத்தவனிடமே கேட்கிறாள்: என் கையைப் பிடித்துக்கொள், அந்த மலை நிழலுக்குப் போய்விடலாம், கொஞ்சம் நட. மலைப்பக்கத்தில் வாழ்ந்தவர்களுக்கு இந்த நிழலின் அருமை தெரியும். இதில் பெருமிதம் என்று ஒரு சொல் கிடையாது. அவன் யாருக்காகப் போரிட்டான் என்றும் இல்லை. உடல் கனக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்த பாடலும் (256) அப்படியே. பாடியவர் பெயர்கூடக் கிடைக்கவில்லை. வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்டே வந்த சிறு பல்லி போல அவனோடு வழியெல்லாம் வந்தேன். ஆகவே தாழியை எனக்கும் சேர்த்துப் பெரிதாகச் செய் என்று குயவனிடம் கேட்கிறாள். மறையூர் முனியறைகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும்போது முனிவர் தவம் செய்த இடம், பாண்டவர் தங்கிய இடம் என்று கதை சொல்கிறோம். அவை பெருங்கற்காலத்து ஈமச்சின்னங்கள். உள்ளே யார் வைக்கப்பட்டார், யார் அழுதார் என்பது போய், கதை மட்டும் நின்றுவிட்டது.

பெயர் நிலைப்பது லேசான காரியமில்லை. இங்கிருந்து போடிமெட்டு இறங்கித் தேனி தாண்டி ஆண்டிபட்டிப் பக்கம் போனால் புலிமான்கோம்பை. 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே தமிழ் பிராமி எழுத்துள்ள மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். கிறிஸ்துவுக்கு முற்பட்டவை என்று கணிக்கப்பட்டவை. அவற்றில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோளில் பட்ட தீயன் அந்தவனின் கல் என்று சொல்கிறது. பெயர், ஊர், நிகழ்ச்சி. மாவீரன், ஈடிணையற்றவன் என்ற அடைமொழி ஒன்றுகூட இல்லை. திருவண்ணாமலைப் பக்கத்து எடுத்தனூர் நடுகல்லில், எசமானோடு நின்று கள்ளரைக் கடித்த நாய்க்கே கோவிவன் என்று பெயர் பொறித்திருக்கிறார்கள். அது மகேந்திரவர்மப் பல்லவன் காலம்.

இதற்கு நேர் எதிர் ஆங்கிலேயர் வைத்த கல். முதல் உலகப் போருக்கு ஆள் கொடுத்த தமிழ்நாட்டு ஊர்கள் சிலவற்றில் சுவரில் பதித்த பலகையைக் காணலாம். இவ்வூரிலிருந்து 1914-1919 பெரும்போருக்குச் சென்றோர் இத்தனை பேர், உயிர் கொடுத்தோர் இத்தனை பேர். எண்கள் மட்டும், பெயர் கிடையாது. அந்தப் போரில் மாண்ட இந்தியர் எழுபதாயிரத்துக்கும் மேல். கட்டாயச் சேர்க்கை சட்டம் இல்லாமல் சேர்ந்தவர்கள். வறுமையும் ஊர்ப்பெரியவர் நெருக்கலும் அவர்களைத் தள்ளியிருக்கலாம் என்பது வேறு விஷயம்.

சில சமயம் கல்லுக்கே இடமில்லாமல் போகும். இந்திய தேசிய ராணுவத்தில் தாமாக வந்து சேர்ந்தவர்களில் பெரும்பகுதி மலேயாத் தமிழர். ரப்பர் தோட்டத்து லயங்களிலிருந்து, நம்மைப் போன்ற குடும்பங்களிலிருந்து போனவர்கள். மாண்டவர்களுக்காகச் சிங்கப்பூர் எஸ்பிளனேட் திடலில் 1945 ஜூலை 8 அன்று நேதாஜி அடிக்கல் நாட்டினார். செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பி வந்து நினைவுச்சின்னத்தைத் தகர்த்தார்கள். அந்த இடத்தில் ஓர் அடையாளப் பலகை வர 1995 ஆயிற்று. அந்த ஐம்பது ஆண்டும் தோட்டத்து வீடுகளில் எப்படி அழுதார்கள் என்பதற்கு 255 போல ஒரு பாட்டு எழுதப்பட்டிருந்தால் என் கண்ணில் படவில்லை.

கார்கிலுக்கு வருகிறேன். முந்தைய போர்களில் விழுந்தவர்களை பெரும்பாலும் களத்துக்கு அருகிலேயே எரித்தோ புதைத்தோ விடுவார்கள். வீட்டுக்குத் தந்தி வரும். 1999இல்தான் உடல்கள் வீடு தேடி வந்தன, தொலைக்காட்சியும் கூடவே வந்தது. திருச்சியைச் சேர்ந்த மேஜர் சரவணன் மே 29 அன்று பட்டாலிக் பகுதியில் வீழ்ந்தார். அவர் உடலை மீட்க ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. பிணங்களைப் புரட்டிய கிழவி தன் கையாலேயே தேட முடிந்தது. பனிமலையில் கிடக்கும் மகனுக்காக வீட்டில் காத்திருப்பவர்களால் அதுகூட முடியாது. அந்த ஒரு மாதத்தில் மேடைகளில் 278 எத்தனை தடவை சொல்லப்பட்டிருக்கும்!

மேடையில் ஒன்று பேசுகிற ஊர் டீக்கடையில் வேறொன்று பேசும். “தெரிஞ்சுதானே போனான், சம்பளம் வாங்குனான்ல” என்பதும் நம் ஊர்வாய்தான். நம் ராணுவத்தில் கட்டாயச் சேர்க்கை இல்லை; அதனாலேயே இப்படிச் சொல்ல இடம் கிடைக்கிறது. அழாத தாயைப் புகழ்வதும் இந்தப் பேச்சும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: இரண்டிலும் கேட்பவனுக்குப் பாரம் இல்லை.

சமீபத்தில் ஒரு மாற்றம் தெரிகிறது. 2014இல் சோபியானில் வீழ்ந்த மேஜர் முகுந்த் வரதராஜனின் கதையை 2024இல் ‘அமரன்’ என்று படமாக்கியபோது, கதையை மனைவியின் பார்வையிலிருந்து சொன்னார்கள். கேரளத்துப் பெண், தமிழ்நாட்டுப் பையன். நம்மூர்க் குடும்பங்களுக்குப் பழக்கமான சங்கதி. சண்டைக் காட்சிகளின் சத்தம் எனக்குக் கொஞ்சம் அதிகமாகத் தோன்றியது. ஆனாலும் கொட்டகையில் ஜனங்கள் வாய்விட்டு அழுதார்கள், யாரும் அதை வீரக்குறைவாக நினைக்கவில்லை. வன்பரணர் இருந்திருந்தால் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்.

நிறைவாகச் சங்கத்துப் பொறுப்பாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டு விழா ஒப்புவித்தல் போட்டிக்கு வழக்கமாகக் கொடுக்கும் 278, 279, 312 இருக்கட்டும், எடுக்க வேண்டாம். 255ஐயும் 256ஐயும் சேர்த்துக் கொடுங்கள். 264ஐயும் சேர்க்கலாம், பெயர் பொறித்து மயிற்பீலி சூட்டி நட்ட கல்லைப் பார்த்து, இவன் இறந்தது தெரியாமல் பாணர்கள் இன்னும் வந்துகொண்டிருப்பார்களோ என்று உறையூர் இளம்பொன் வாணிகனார் கேட்கும் பாட்டு அது. எல்லாம் சின்னப் பாட்டுகள்தாம். நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு 255 ஒரு சாயங்காலத்தில் மனப்பாடமாகிவிடும். என் பேத்திக்கு ஆயிற்று. ஒப்புவித்து முடித்ததும், “அப்புறம் அவரு நடந்தாராத்தா?” என்று கேட்டாள்.