மதர்போர்டு போகும் வழி

கை பழகியவருக்குப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைப் பிரித்துப்போடப் பத்து நிமிஷம் அதிகம். ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு உளி, ஒரு கட்டிங் பிளேயர் போதும். பக்கத் தகட்டைத் தள்ளியதும் முதலில் வெளியே வருவது எஸ்எம்பிஎஸ் எனும் பவர் சப்ளைப் பெட்டி. அதிலிருந்து கிளம்பும் கலர் வயர்களைக் கழுத்தோடு நறுக்கி ஒரு பக்கம் போடுவார். செம்பு கணக்கில் சேரும் சரக்கு அது. அடுத்து ஹார்டு டிஸ்க். பிறகு இரண்டு கட்டைவிரல்களாலும் காதைத் தட்டி ராம் உருவப்படும். விசிறியையும் அலுமினிய ஹீட் சிங்கையும் கழற்றினால் பிராசசர் தெரியும். பழைய மாடலாக இருந்தால் அடியில் பொன்முலாம் பூசிய ஊசிகள் வரிசையாக நிற்கும். அதை மட்டும் தனி டப்பாவில் போடுவார். கடைசியில் மதர்போர்டு. காலியான இரும்புப் பெட்டியை மிதித்துத் தட்டையாக்கிக் குவியலில் எறிந்துவிட்டால் வேலை முடிந்தது. போர்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் காசு போன்ற வட்டப் பேட்டரியை யாரும் சட்டை செய்வதில்லை. அதற்கு விலை இல்லை.

தில்லி சீலம்பூரிலும் இப்படித்தான் கழற்றுகிறார்கள், கொழும்பிலும் இப்படித்தான். ஸ்க்ரூ எங்கே இருக்கிறது என்பதில் தேச வித்தியாசம் ஏது? கழற்றிய பிறகுதான் வழி பிரிகிறது. இந்தியர்களுக்குப் பொறுப்பில்லை, இலங்கையர்களுக்கு விழிப்புணர்வு உண்டு என்றோ, அதைத் தலைகீழாகவோ சொல்லும் கட்டுரைகளைப் படித்து அலுத்துவிட்டது. என் கணக்கில் வித்தியாசத்துக்குக் காரணம் குணம் அல்ல, அளவு. குவியல் எவ்வளவு பெரிது என்பதே தங்கம் எங்கே போகும், விஷம் எங்கே தங்கும் என்பதை முடிவு செய்கிறது.

உலக மின்னணுக் கழிவு அறிக்கையின் 2020 பதிப்பு 2019ஆம் ஆண்டுக் கணக்கைத் தருகிறது. இந்தியாவில் 32 லட்சம் டன்னுக்கு மேல், இலங்கையில் ஒரு லட்சத்து 38 ஆயிரம் டன். ஆளுக்கு எவ்வளவு என்று வகுத்தால் படம் மாறிவிடும். இந்தியர் தலைக்கு 2.4 கிலோ, இலங்கையர் தலைக்கு 6.3 கிலோ. வீட்டுக்கு வீடு பார்த்தால் இலங்கைதான் அதிகம் எறிகிறது. ஆனால் ஒரு தொழில் ஓரிடத்தில் வேர்பிடிக்கத் தலைக்கணக்கு உதவாது, மொத்தக் குவியல் வேண்டும்.

அந்தக் குவியலைப் பார்க்க வேண்டுமானால் சீலம்பூருக்குப் போக வேண்டும். வடகிழக்கு தில்லியின் நெரிசலான அந்தப் பகுதிதான் நாட்டிலேயே பெரிய மின்னணுக் கழிவுச் சந்தை. கம்பெனிகளும் அரசு அலுவலகங்களும் ஏலத்தில் விடும் சரக்கு எங்கெங்கிருந்தோ லாரியில் வந்து இறங்குகிறது. ஒரு கடையில் ஹார்டு டிஸ்க் மட்டும், அடுத்ததில் எஸ்எம்பிஎஸ் மட்டும், அதற்கடுத்த வீட்டு வாசலில் பெண்கள் உட்கார்ந்து வயர் உரித்துக்கொண்டிருப்பார்கள். ஒருவர் ஒரே பாகத்தை மட்டும் வைத்துப் பிழைக்க முடிகிறது என்றால் வரும் சரக்கு எவ்வளவு என்று யோசித்துக்கொள்ளலாம்.

சென்னையின் மின்னணுக் கடைத்தெருவான ரிச்சி தெரு இந்தச் சந்தையின் முன்வாசல் போன்றது. ஓஎம்ஆர் சாலை ஐடி கம்பெனிகள் மூன்று நான்கு வருஷத்தில் மாற்றித் தள்ளும் லேப்டாப்புகள் மொத்தமாக வந்து, தேறுவது துடைத்து விற்கப்படும். தேறாதது பாகமாகும். டிஸ்ப்ளே, கீபோர்டு, சார்ஜர் எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு. சிப் லெவல் சர்வீஸ் செய்கிறவர் செத்த போர்டிலிருந்து ஒரு ஐசியைச் சூடுகாட்டி எடுத்து இன்னொன்றுக்கு உயிர் கொடுப்பார். ஆனால் அவருக்கும் பொறுமைக்கு எல்லை உண்டு. புதுச் சரக்கு வந்துகொண்டே இருக்கும்போது பழையதைக் கட்டிக்கொண்டு அழ இடம் எங்கே? "அண்ணே, இந்த போர்டு என்ன வெலைக்குப் போவும்?" என்று கேட்டால், "வெலையா? இனிமே எடைதான்" என்பார். பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த தள்ளுவண்டிக் காலத்திலிருந்து நமக்குப் பழக்கமான வார்த்தை அது. எடைக்குப் போய்விட்டால் பொருளுக்குப் பேர் கிடையாது, உலோகம்தான்.

அப்படிப் பேர் இழந்த போர்டுகளில் பெரும்பகுதி பல வருஷங்களாகப் போய்ச் சேர்ந்த ஊர் மொரதாபாத். தில்லியிலிருந்து கிழக்கே 160 கிலோமீட்டர் சொச்சம். பித்தளைச் சாமானுக்குப் பேர்போன ஊர், உலை மூட்டவும் உலோகம் பிரிக்கவும் கை பழகிய ஊர். பித்தளை ஏற்றுமதி படுத்தபோது அந்தக் கைகள் போர்டு பக்கம் திரும்பின. பாகங்களைச் சூடுகாட்டி உதிர்ப்பது, மிச்சத்தை எரிப்பது, சாம்பலை அரைத்து ஆற்று நீரில் அலசி உலோகத் தூளைப் பிரிப்பது, பொன்முலாம் உள்ள துண்டுகளைத் திராவகத்தில் ஊறப்போடுவது என வேலை வீடு வீடாகப் பரவியது. ராம்கங்கா ஆற்றங்கரையில் கரும்பொடி மேடு மேடாகக் குவிந்தது. 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, கரையில் கொட்டுகிறவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் என்றது. கெடுபிடி வந்தால் அடுப்பு அணைவதில்லை, அடுத்த ஊருக்கு நகரும். தில்லியை ஒட்டிய லோனியில் புகை எழுந்தது அப்படித்தான்.

இதில் எனக்கு வயிற்றெரிச்சல் தருவது புகை மட்டுமல்ல. ஒரு டன் கம்ப்யூட்டர் போர்டில் ஏறக்குறைய 200 கிராம் தங்கம் இருக்கிறது. கோலார் தங்கவயலில் 2001இல் சுரங்கத்தை மூடிய காலத்தில் ஒரு டன் கல்லை உடைத்தால் சில கிராம்தான் தேறியது. இவ்வளவு வளமான தாதுவைக் கையில் வைத்துக்கொண்டு, பெங்களூரில் ஆராய்ந்து பார்த்தபோது திராவக முறையில் கிடைத்தது தங்கத்தில் கால் பங்குதான். மிச்சம் கழிவு நீரோடு சாக்கடைக்குப் போயிருக்கிறது. பெல்ஜியத்தின் ஹோபோக்கனில் யுமிகோர் நிறுவனம் நடத்துவது போன்ற பெரிய உருக்காலையில் 95 சதவீதத்துக்கு மேல் மீட்கிறார்கள். நுரையீரலைக் கொடுத்து எடுக்கும் தங்கத்தில் முக்கால்வாசியைத் தொலைப்பது வியாபாரமாகவே படவில்லை.

பெங்களூரில் இதற்கு ஒரு வழியும் முயன்று பார்த்தார்கள். சுவிட்சர்லாந்து, ஜெர்மனி அமைப்புகளின் துணையோடு, கழற்றும் வேலையை உள்ளூர்க்காரர்களிடமே விட்டு, போர்டை மட்டும் திராவகத்தில் போடாமல் சேர்த்து உருக்காலைக்கு அனுப்புவது என்று ஏற்பாடு. கணக்கு சரிதான். மனிதக் கை போலச் சுத்தமாகப் பிரிக்க எந்த இயந்திரத்தாலும் ஆகாது, உருக்காலை போல எந்தக் கையாலும் உருக்க முடியாது. சிக்கல் காசு கைக்கு வரும் நாளில் இருந்தது. திராவகக்காரர் சாயங்காலமே நோட்டை எண்ணிக் கொடுப்பார். உருக்காலையோ சரக்கு கப்பலேறி, மாதிரி எடுத்து, சோதித்து, மாதங்கள் கழித்துத்தான் பணம் அனுப்பும். கந்துவட்டியில் சரக்கெடுப்பவர் எத்தனை நாள் தாங்குவார்? இந்தத் தொழிலைச் சீர்திருத்தக் கிளம்புகிறவர்கள் முகக்கவசமும் கையுறையும் கொடுப்பதற்கு முன்னால் முன்பணம் கொடுக்க வழி தேட வேண்டும்.

இனி இலங்கை. அங்கேயும் தங்கம் சுத்தம் செய்யத் தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. கொழும்பு செட்டியார் தெருவும் யாழ்ப்பாணம் கன்னாதிட்டியும் நகைக்கடைத் தெருக்கள். கண்டிப் பக்கம் பிலிமத்தலாவை பித்தளை வேலைக்குப் பேர்போனது. ஆனாலும் பிலிமத்தலாவை இன்னொரு மொரதாபாத் ஆகவில்லை. தினமும் உலையை எரியவைக்கும் அளவுக்குப் போர்டு அந்தத் தீவில் சேர்வதில்லை. போர்டை உருக்கிப் பிரிக்கும் ஆலையும் கிடையாது. அனுமதி பெற்ற நிறுவனங்கள் சேகரித்து, கழற்றி, இரும்பு, பிளாஸ்டிக், அலுமினியத்தை உள்ளூரில் விற்றுவிட்டு, போர்டுகளைக் கொள்கலன் நிரம்பும்வரை சேர்த்துவைத்துக் கப்பலேற்றுகின்றன. தங்கமும் போகிறது, திராவகமும் தேவைப்படுவதில்லை. மூட்டையில் வெளியேறும் செல்வம் என்று இதற்காக வருந்துகிறவர்கள் அங்கே உண்டு. மொரதாபாத்தைப் பார்த்தபின் அந்த வருத்தத்தில் எனக்குப் பங்கில்லை.

அனுப்பும் வேலை இப்போது கடினமாகியிருக்கிறது. 2025 ஜனவரி 1 முதல் பாசெல் உடன்படிக்கையின் திருத்தம் நடைமுறையில் இருக்கிறது. அபாயமானது, அபாயமற்றது என்ற பேதமின்றி எந்த மின்னணுக் கழிவு எல்லை தாண்டவும் சேருமிடத்து நாட்டின் முன் ஒப்புதல் வேண்டும். நோக்கம் நல்லது. ஏழை நாடுகளில் கொட்டுவதைத் தடுக்கப் பிறந்த விதி. ஆனால் நல்ல உருக்காலைக்கு ஒழுங்காக அனுப்ப நினைக்கும் சிறு நாடும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டும்.

கப்பல் வரும்வரை போர்டு சும்மா கிடப்பதில்லை என்பதுதான் இலங்கைக் கதையின் சுவையான பகுதி. கொழும்பு பம்பலப்பிட்டியின் யூனிட்டி பிளாசா கணினிக் கடைகளிலும் யாழ்ப்பாணத்துத் திருத்தும் கடைகளிலும் பழுதான போர்டு ஒரு சேமிப்பு. "அண்ணை, இது சரிவராதோ?" என்று கேட்டால், "சரிவராட்டிலும் எறியாதேங்கோ தம்பி, வச்சிட்டுப் போங்கோ" என்பார் கடைக்காரர். கழற்றிய ஸ்க்ரூக்கள்கூடப் பால்மா டின்னில் அளவு வாரியாகக் கிடக்கும். எல்லாப் பாகமும் கடல் கடந்து வர வேண்டிய நாட்டில் ஒன்றை எறிவது டொலரை எறிவதற்குச் சமம். 2022இல் இது எல்லோருக்கும் உறைத்தது. அந்த மார்ச் தொடக்கத்தில் டொலர் ஒன்றுக்கு 200 ரூபாய் சொச்சம், மே மாதம் 360. புது லேப்டாப் கனவாகிப்போனது. திருத்துகிறவர் வைத்தியர் ஆனார். வடக்குக்கு இந்தப் பாடம் இன்னும் பழையது. 1990க்குப் பிறகு மின்சாரமும் இல்லை, பற்றரிக்கும் தடை என்றிருந்த யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டார்கள். அந்தத் தலைமுறைக்கு "எடைக்குப் போடலாம்" என்பது எளிதில் வாயில் வராது.

சட்டத்துக்கு வருவோம். இலங்கையில் 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2008 பெப்ரவரியில் வந்த ஒழுங்குவிதிகள் இலத்திரனியல் கழிவை அட்டவணைப்படுத்திய கழிவாக்கின. சேகரிக்க, கொண்டுசெல்ல, களஞ்சியப்படுத்த எல்லாவற்றுக்கும் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். 2020 ஒக்டோபரில் ஒரு வாரம் தபாற்கந்தோர்களிலேயே வாங்கினார்கள். நல்ல யோசனை, கந்தோர் இல்லாத ஊர் இல்லை. ஆனால் விற்ற கம்பெனி திரும்ப எடுத்தே தீர வேண்டும் என்று எடை இலக்கு வைத்து நெருக்கும் ஏற்பாடு அங்கே இல்லை.

இந்தியாவில் நெருக்குகிறார்கள். 2012இல் அமலுக்கு வந்த முதல் விதிகள் 2016இல் மாறி, மறுபடி மாறி, 2023 ஏப்ரல் முதல் மூன்றாம் அவதாரம். உற்பத்தியாளர் இவ்வளவு எடை மறுசுழற்சி ஆனது என்று சான்றிதழ் வாங்கிக் காட்ட வேண்டும். முதல் இரண்டு வருஷம் 60 சதவீதம், 2027-28 முதல் 80. சான்றிதழ் விலை அடிமாட்டு விலைக்குப் போகாமலிருக்க வீட்டுப் பயன் சாதனங்களுக்குக் கிலோவுக்கு 22 ரூபாய் என்று அடித்தளம் போட்டது அரசு. பெரிய கம்பெனிகள் சில அதை எதிர்த்துத் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. பழைய விதிகளில் கழற்றுகிறவருக்கென்று தனிப் பதிவு இருந்தது. புதிய விதிகளில் அந்த இனமே இல்லை. சீலம்பூர் நாள் முழுக்கச் செய்வது அந்த வேலையைத்தான், படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. சான்றிதழ் எழுதப்படுவது தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு ஆகிய நான்கை வைத்து. இந்த நான்கையும் எடுக்கச் சட்டம் தேவையா? காயலான் கடைக்காரர் சொல்லாமலே எடுப்பார். சந்தை ஏற்கெனவே காசு கொடுக்கும் பொருளுக்குச் சட்டமும் காசு கொடுக்கிறது. யாரும் தொடாத பொருளுக்கு இரண்டுமே கொடுப்பதில்லை.

யாரும் தொடாத பொருள் என்று பார்த்தால் பழைய டப்பா மானிட்டரின் படக்குழாய்க்குத்தான் முதலிடம். பின்கழுத்தில் சுற்றிய செம்புச் சுருளுக்காக அதை உடைத்துவிட்டு, ஈயம் கலந்த கண்ணாடியை விட்டுவிடுகிறார்கள். ஒரு காலத்தில் அதற்கும் கிராக்கி இருந்தது. குஜராத்தின் பரூச்சில் வீடியோகான் ஆலை பழைய குழாய்க் கண்ணாடியை உருக்கிப் புதுக்குழாய் செய்தது. அமெரிக்காவிலிருந்துகூட உடைந்த கண்ணாடி கப்பலில் வந்தது. தட்டைத் திரை வந்தபின் புதுக்குழாய் யாருக்கும் வேண்டாம், பழைய கண்ணாடியும் யாருக்கும் வேண்டாம்.

இந்தியாவில் அப்படி எத்தனை குழாய் உடைந்து எந்தெந்தக் குப்பைமேட்டில் கிடக்கிறது என்று இனி எண்ண வழியில்லை. இலங்கையில் இன்னும் இருக்கிறது. 2000களில் பாடசாலைக் கணினி அறைகளுக்கும் கிராமத்து நெனசல கணினி நிலையங்களுக்கும் வாங்கிய டப்பா மானிட்டர்கள் அரசாங்கச் சொத்து. வருஷா வருஷம் பொருட்கணக்கெடுப்புச் சபை வந்து சரிபார்த்துக் கழிக்கச் சொல்லி எழுதும்வரை யாரும் கைவைக்க முடியாது. எங்கள் ஊர் அலுவலகங்களில் 'கண்டம்' ஆனவுடன் ஏலம், ஏலம் முடிந்தவுடன் லாரி. அங்கே அந்த மந்த நடை ஒரு விதத்தில் நன்மையாகியிருக்கிறது. புதிதாக ஒரு குழாயும் தீவுக்குள் வரப்போவதில்லை. ஒரே ஒரு வருஷத்துக் கணக்கெடுப்பில் படக்குழாய்க்குத் தனி நிரல் ஒன்று சேர்த்து, ஏலப்பட்டியலிலிருந்து அதை நீக்கி, உடையாமல் ஓரிடத்தில் சேர்க்கும் செலவை அரசு ஏற்றால், மிஞ்சியிருக்கிற ஈயக் கண்ணாடியில் பெரும்பகுதியைப் பிடித்துவிடலாம்.