மலை ஊருக்கு ஒரு கணிப்பொறி: வழிகாட்டிகள் எங்கே வழுக்குகின்றன?

முதல் கணிப்பொறியைக் கடையில் முழுதாக வாங்காமல், உறுப்புகளைத் தனித்தனியே தேர்ந்து தாமே பூட்டிக்கொள்ள வேண்டும் என்ற ஆவல் மாணவர்களிடையே பரவியிருக்கிறது. வரவேற்க வேண்டிய ஆவல்தான். இதற்கு உதவுவதற்கென்றே தமிழில் கட்டுரைகளும் காணொளிகளும் ஏராளமாக வருகின்றன. அவற்றைப் படித்தும் பார்த்தும் முடிக்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. இவை எந்த ஊர் மாணவருக்காக எழுதப்பட்டவை? கொடைக்கானலிலோ பூம்பாறையிலோ மன்னவனூரிலோ உள்ள ஒரு மாணவி இவற்றை அப்படியே பின்பற்றினால், அவள் வீட்டார் சேர்த்துக் கொடுத்த பணம் சரியான உறுப்புகளில் போய்ச் சேருமா?

குறை கூறுமுன் நிறையைச் சொல்லிவிடுவது முறை. பிராசசர் மதர்போர்டின் சாக்கெட்டுக்குப் பொருந்த வேண்டும், டி.டி.ஆர். 4 ராமுக்கான இடத்தில் டி.டி.ஆர். 5 நுழையாது, கேபினெட்டின் அளவும் மதர்போர்டின் அளவும் ஒத்துப்போக வேண்டும் என்பனவற்றையெல்லாம் இந்த வழிகாட்டிகள் நன்றாகவே விளக்குகின்றன. பெட்டியின் மூடியைத் திறக்கவே அஞ்சியவர்களின் கையில் திருப்புளியைக் கொடுத்த பெருமையும் இவற்றுக்கு உண்டு.

குறை, இவை பின்பற்றும் வரிசையில் இருக்கிறது. பெரும்பாலானவை பிராசசரின் பெயரில் தொடங்கி, கிராபிக்ஸ் கார்டில் நெடுநேரம் தங்கி, விளையாட்டுகளில் நொடிக்கு எத்தனை படங்கள் ஓடும் என்று கணக்கிட்டுக் களிக்கின்றன. மின்சாரத்தை வாங்கி எல்லா உறுப்புகளுக்கும் பங்கிட்டுத் தரும் எஸ்.எம்.பி.எஸ். கடைசியில் வருகிறது. 'மிஞ்சிய பணத்துக்கு ஏற்ற ஒன்று' என்ற ஒரே வாக்கியத்தில் அதன் கதை முடிந்துவிடும். யு.பி.எஸ். பற்றிப் பேச்சே இல்லை. எர்த் என்ற சொல்லைத் தேடித்தான் பார்க்க வேண்டும். காரணம் ஊகிக்கக் கூடியதே. மின்சாரம் தடைபடாத, அறையின் ஈரமும் வெப்பமும் அடக்கி வைக்கப்பட்ட நாடுகளில் எழுதப்பட்டவற்றின் வரிசை அப்படியே தமிழுக்கு வந்துவிட்டது.

பழனி மலையிலேயே இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. தென்னாட்டில் சூரிய ஆய்வகம் ஒன்று அமைக்கும் எண்ணம் எழுந்தபோது முதலில் இடமே ஆராயப்பட்டது. மிச்சி ஸ்மித் 1880களில் பழனி மலையிலும் நீலகிரியிலும் வானம் எவ்வளவு தெளிவாக, எவ்வளவு அசைவின்றி இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தார். கொடைக்கானல் தேர்ந்தெடுக்கப்பட்டு 1899இல் ஆய்வகம் உருவாயிற்று. கருவிகள் யாவும் புத்தம் புதியவையாக இருக்க வேண்டும் என்றும் அவர்கள் பிடிவாதம் பிடிக்கவில்லை. 1850ஆம் ஆண்டைச் சேர்ந்த 15 செ.மீ. தொலைநோக்கி ஒன்று 1898இல் திருத்தியமைக்கப்பட்டு, சூரியனைப் படம் பிடிக்கப் பயன்பட்டது. 1907இல் அங்கு வந்த எவர்ஷெட், கருவிகளைத் தம் கையாலேயே அமைப்பதில் வல்லவர். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை அவர் 1909 சனவரியில் கண்டறிந்தார். இடம் எது, வேலை எது என்ற இரண்டும் தெளிவான பிறகே அங்கு கருவிகள் முடிவாயின.

அந்த ஆய்வகத்தின் செல்வத்தைக் கொண்டே வேலைக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். 1904 முதல் கண்ணாடித் தகடுகளிலும் பிலிம்களிலும் எடுத்த சூரியப் படங்கள் இன்று எண்வடிவாக்கப்பட்டு, எவரும் ஆராயும்படி வைக்கப்பட்டுள்ளன. ஒரு படத்தில் 4096 வரிசை, வரிசைக்கு 4096 புள்ளி, புள்ளிக்கு 2 பைட். பெருக்கினால் ஏறத்தாழ 3 கோடியே 35 லட்சம் பைட் வரும். நாளொன்றுக்கு ஒரு படம் என்று கொண்டால் ஓராண்டுக்கு 12 கிகாபைட். சூரியப் புள்ளிகள் பெருகிக் குறையும் 11 ஆண்டுச் சுற்று ஒன்றுக்கு 135 கிகாபைட். (மேகம் மூடிய நாட்களைக் கழித்தால் இன்னும் குறையும்.) இப்படங்களில் புள்ளிகளை எண்ணி, அவை சூரிய நடுக்கோட்டை நோக்கி நகர்வதை வரைந்து பார்க்க விரும்பும் மாணவிக்கு என்ன தேவை? நடுத்தரப் பிராசசர், 16 கிகாபைட் ராம், 500 கிகாபைட் எஸ்.எஸ்.டி. போதும். கிராபிக்ஸ் கார்டு தனியாக வேண்டியதில்லை. பிராசசருக்குள்ளேயே அமைந்த கிராபிக்ஸ் இந்த வேலையைத் தாராளமாகச் செய்யும். வழிகாட்டிகள் மிகுதியாகச் செலவிடச் சொல்லும் உறுப்பு இங்கே பட்டியலிலேயே இல்லை. மிச்சமாகும் பணம் எங்கே போக வேண்டும் என்பதை மலையின் இயல்பு சொல்லும்.

மலையில் காற்று மெலிது என்பது நாம் அறிந்ததே. கொடைக்கானலின் 2100 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். விசிறி அதே கன அளவு காற்றைத் தள்ளினாலும் அது சுமந்து செல்லும் வெப்பம் குறைவு. சமவெளியில் அறையைவிட 40 பாகை கூடுதலாகச் சூடேறும் பிராசசர் இங்கே 50 பாகை வரை ஏறலாம். இதைக் கேட்டு அஞ்ச வேண்டாம். மதுரையில் கோடை அறை 38 பாகை என்றால் மொத்தம் 78. கொடைக்கானலில் அறை 20 பாகை என்றால் மொத்தம் 70. மலையே வெல்கிறது! நீர் ஓடிக் குளிர்விக்கும் விலையுயர்ந்த அமைப்பை மலை ஊரில் வாங்குவது வீண்.

ஹார்டு டிஸ்க் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்கலாம். அதன் காந்த முனை தட்டுக்கு மேலே மிக மெல்லிய காற்றுப் படலத்தில் மிதக்கிறது. காற்று மெலிந்தால் மிதக்கும் உயரம் குறையும். ஆகவேதான் பெரும்பாலான ஹார்டு டிஸ்க்குகளுக்கு 3048 மீட்டர், அதாவது பத்தாயிரம் அடி, எல்லையாகக் குறிக்கப்படுகிறது. பழனி மலையின் எந்தச் சிகரமும் அந்த உயரத்தை எட்டவில்லை. எஸ்.எஸ்.டி.க்கு இந்தக் கவலையே இல்லை.

மூடுபனிதான் அதைவிடப் பெரிய பகை. ஓடிக்கொண்டிருக்கும் கணிப்பொறி அறையைவிடச் சூடாக இருப்பதால் அதன்மேல் பனி படியாது. பல நாள் அணைந்து குளிர்ந்து கிடக்கும் பெட்டியின் மீது சமையலறையின் வெதுவெதுப்பான ஈரக் காற்று பட்டால்தான் உள்ளே நீர் துளிர்க்கும். அன்றாடம் சிறிது நேரம் ஓடவிடுவதே எளிய மருந்து. மலைப்பூண்டைப் புகையில் கட்டித் தொங்கவிட்டுக் காக்கும் வீடுகளில் பெட்டியை அந்த அறையில் வைக்கவே கூடாது. புகைக்கரி ஈரத்தோடு சேர்ந்து விசிறியில் பசைபோல் ஒட்டிக்கொள்ளும்.

எல்லாவற்றுக்கும் மேலானது மின்சாரம். மலைச்சரிவுகளில் மரங்களினூடே நெடுந்தொலைவு ஓடிவரும் கம்பிகளில் மின்னழுத்தம் தாழ்வதும், காற்று மழையில் தடைபடுவதும், இடி மழையில் திடீரென எகிறுவதும் உண்டு. இங்கேதான் நல்ல எஸ்.எம்.பி.எஸ்.சின் மதிப்பு தெரியும். அதன் பக்கத்தில் ஒட்டியுள்ள சீட்டைப் படியுங்கள். 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் என்றிருந்தால் தாழ்ந்த அழுத்தத்திலும் அது தளராது. 200 முதல் 240 மட்டும் என்றிருந்தால் மாலை விளக்கு மங்கும் ஊருக்கு ஆகாது. வாட் எண்ணிக்கை பெரிதாக எழுதப்பட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். நாம் கணக்கிட்ட கணிப்பொறிக்கு 400 வாட்டே மிகுதி.

யு.பி.எஸ். வாங்கும்போதும் ஒரு நுட்பம் உண்டு. 600 வி.ஏ. என்று விற்பவை பொதுவாக 360 வாட்டே தரும். மலிவான யு.பி.எஸ்.கள் மின்கலத்தில் ஓடும்போது வழுவழுப்பான அலைக்குப் பதில் படிபடியான அலையைத் தருகின்றன. சில நல்ல எஸ்.எம்.பி.எஸ்.கள் அதை ஏற்காமல் அணைந்துவிடுகின்றன. மின்சாரம் போனால் காப்பாற்றவென்று வாங்கிய கருவி, மின்சாரம் போன அந்த நொடியிலேயே கைவிடும்! இரண்டையும் கடையில் சேர்த்துப் பூட்டி, பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தே வாங்க வேண்டும். நாம் பார்த்த வழிகாட்டி எதுவும் இதைக் கூறவில்லை.

மின்னலுக்கு விற்கப்படும் காப்புப் பலகைகள் எகிறிவரும் மின்சாரத்தை எர்த் கம்பி வழியே மண்ணுக்குள் இறக்குவதை நம்பியிருப்பவை. வீட்டில் எர்த் சரியில்லை என்றால் அவற்றால் பாதிப் பயன்தான். பாறை நிலத்தில் குழி ஆழமாகவும் ஈரமாகவும் இல்லாவிடில் எர்த் பெயரளவில்தான் இருக்கும். உறுப்புகள் வாங்கச் சமவெளிக்குப் பேருந்து ஏறுமுன் எலக்ட்ரீஷியனை அழைத்து அதை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அவருக்குத் தரும் கூலியைக் கணிப்பொறிப் பட்டியலின் முதல் வரியாக எழுதிக்கொள்ளலாம்.