ஆட்டு ரோமமும் ஒரு தாயத்தும்

'ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்' விளையாட்டில் என் பிரியம் வாள் மேல் இல்லை, 'அமுலெட் ஆஃப் குளோரி' என்கிற தாயத்தின் மேல்தான். தங்கக்கட்டியும் பட்டை தீட்டிய டிராகன்ஸ்டோனும் அச்சும் இருந்தால் உலையில் வார்த்துவிடலாம். ஆனால் கோக்க நூல் வேண்டுமே! லம்பிரிட்ஜ் என்ற ஊரின் பட்டியில் ஆட்டுக்கு ரோமம் கத்தரித்து, அந்த ஊர்க் கோட்டை ராட்டையில் நூற்க வேண்டும். அத்தனை ஒசத்திக் கல்லுக்கும் ஆட்டின் தயவு தேவைப்படுவது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பிறகு தாயத்தின் மேல் மந்திரம் போட ரூன் என்கிற மந்திரக் கற்கள் வேண்டும்: நீர் ரூன் 15, மண் ரூன் 15, காஸ்மிக் ரூன் ஒன்று. அதன்பின் ஹீரோஸ் கில்ட் நீரூற்றில் முக்கியெடுத்தால் நான்கு தடவை ஊர்விட்டு ஊர் தாவலாம். எட்ஜ்வில், கரம்ஜா, டிரேனார், அல்கரீத் என்று இஷ்டம்போல. சந்தையில் ரெடிமேடாக வாங்குகிறவர்கள் பாவம். தாவல் தீர்ந்தாலும் யாரும் கழற்றுவதில்லை; சண்டையில் அது தரும் பலம் அப்படியே இருக்கும்.