ஐந்து மணி வரை நின்றவர்கள் எங்கே? செயற்கை நுண்ணறிவு வரையும் விவிலியப் படங்களும் நம் தியானமும்



இப்போதெல்லாம் காலையில் புலனத்தைத் திறந்தால் ஒரு படம் காத்திருக்கிறது. கடல்மேல் நடக்கும் இயேசு, சுற்றிலும் பொன்னொளி, கீழே ஐந்தாறு வரியில் ஒரு தியானம். படத்தை வரைந்தது செயற்கை நுண்ணறிவு. மலாக்காவில் மறைக்கல்வியும் ஓய்வுநாள் பள்ளியும் நடத்தும் நம் ஆசிரியர்கள் சிலரும் இப்படிச் செய்கிறார்கள். நானும் செய்தேன். ஆகவே இந்த விமர்சனம் முதலில் என் படத்தின் மீதுதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். தோட்டத்துச் சிற்றாலயத்துக்கு ஓவியரை வைத்துப் படம் வரையும் வசதி ஏது? பழைய நாட்காட்டிப் படமும் மங்கிப்போன நகலும்தான் நமக்குக் கிடைத்தவை. இன்று கைப்பேசியில் ஒரு நிமிடத்தில் படம் வந்துவிடுகிறது. பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்கிறார்கள். இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஜாசின் வட்டாரத்தில் ஒரு சிறு ஜெபக்கூட்டத்துக்காக மத்தேயு 20ஆம் அதிகாரத்துத் திராட்சத் தோட்டக் கூலிகள் கதைக்குப் பன்னிரண்டு படவில்லைகள் செய்தேன். கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். வீட்டு எஜமான் விடியற்காலையில் ஆள் எடுக்கிறார். பிறகு ஒன்பது, பன்னிரண்டு, மூன்று மணிக்கும் போய் எடுக்கிறார். கடைசியாக மாலை ஐந்து மணிக்கும் சிலர் சந்தையில் நிற்கிறார்கள். தங்களை யாரும் வேலைக்கு அழைக்கவில்லை என்கிறார்கள். அவர்களையும் அனுப்புகிறார். எல்லாருக்கும் ஒரே கூலி.

படங்கள் அழகாக வந்திருந்தன. பச்சை மலைச்சரிவு, கொத்துக் கொத்தாகத் திராட்சை, கட்டுமஸ்தான வாலிபர்கள், எல்லார் முகத்திலும் சிரிப்பு. "கடவுளின் தாராளம்" என்று நானும் பத்து நிமிடம் பேசினேன். எல்லாரும் பாராட்டினார்கள். முன்வரிசையில் இருந்த, ரப்பர் மரம் சீவி ஓய்வுபெற்ற ஒரு பாட்டி மட்டும் கேட்டார்: "தம்பி, எல்லாம் நல்லாதான் இருக்கு. அஞ்சு மணி வரைக்கும் நின்னவங்க எங்க? ஒருத்தனையும் காணோமே?"

திரும்பிப் பார்த்தேன். உண்மைதான், ஒருவர்கூட இல்லை. பாட்டி விடவில்லை. "பெரட்டுல பேரு கூப்புடலன்னா அன்னிக்குச் சம்பளம் கெடையாது தம்பி. வயசானவன், சீக்காளி, கங்காணிக்குப் புடிக்காதவன், அவன்தான் கடைசியா நிப்பான். அவன் மொகம் இப்படியா சிரிச்சிக்கிட்டு இருக்கும்?"

கதையின் மையத்தைப் பாட்டி ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார். என் பன்னிரண்டு படங்களும் அதைத் தவறவிட்டிருந்தன. அதைவிட வருத்தம், என் தியானமும் தவறவிட்டது. நான் வசனத்தைப் பார்த்துப் பேசவில்லை, படத்தைப் பார்த்துப் பேசியிருக்கிறேன்.

இது ஏன் நடக்கிறது? இந்தக் கருவிகள், படங்களையும் அவற்றோடு இணைந்த விளக்க வரிகளையும் கொண்டு பழக்கப்படுபவை. 2022இல் வெளிவந்த லாயன்-5பி என்ற ஒரு தொகுப்பில் மட்டும் ஏறக்குறைய 585 கோடி இணைகள் இருந்தன. நாம் சொல்லாத இடங்களை எல்லாம், அந்தக் குவியலில் அதிகம் வருவதை வைத்துக் கருவி நிரப்பிவிடும். இயேசு என்றால் நீள முடி, வெளிர் நிறம். 1940இல் அமெரிக்க ஓவியர் வார்னர் சால்மன் வரைந்து கோடிக்கணக்கில் அச்சான முகத்தின் சாயல். கூலியாள் என்றால் விளம்பரத்தில் வருகிற வாலிபன். யாரும் கூப்பிடாத கிழவரை யார் படம் எடுத்து வைத்தார்கள்?

"ஓவியர்களும்தானே இல்லாததைச் சேர்த்தார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அப்போஸ்தலர் 9இல் சவுல் குதிரையில் போனதாக இல்லை; கரவாஜியோ குதிரையை வரைந்தார். ஆனால் அது ஒரு மனிதர் யோசித்து எடுத்த முடிவு. ஏன் வரைந்தார் என்று கேட்கலாம், வாதாடலாம். ரெம்பிராண்ட் தம் கடைசிக் காலத்தில் வரைந்த 'ஊதாரி மகன்' ஓவியத்தில் தந்தையின் இரண்டு கைகளும் ஒன்றுபோல் இல்லை. ஒன்று உறுதியானது, மற்றது மென்மையானது. ஹென்றி நௌவன் என்ற டச்சுக் குருவானவர் 1983இல் அதன் அச்சுப்படத்தைப் பார்த்தார். 1986இல் ரஷ்யாவின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்துக்கே போய் மணிக்கணக்கில் அதன்முன் உட்கார்ந்தார். 1992இல் அந்தத் தியானம் புத்தகமாக வந்தது. ஒரே படம், ஒன்பது ஆண்டுகள். நாமோ காலைக்கு ஒன்று செய்து மாலையில் அழித்துவிடுகிறோம்.

நம் ஊரிலேயே ஓர் உதாரணம் உண்டு. செயின்ட் பால் குன்றில் 1952இல் நிறுவப்பட்ட புனித சவேரியார் சிலைக்கு வலக்கை இல்லை. சவுக்கு மரம் விழுந்து ஒடிந்தது என்பார்கள். முத்துக்குளித்துறைத் தமிழர்களிடையே பணியாற்றிவிட்டு 1545இல் மலாக்கா வந்தவர் அவர். 1553இல் அவர் உடல் சில மாதங்கள் அந்தக் குன்றில்தான் இருந்தது. 1614இல் அவருடைய வலது முன்கை எடுக்கப்பட்டு ரோமுக்குப் போனது. அதனால்தான் அந்தக் கையற்ற சிலைமுன் ஆட்கள் நின்று யோசிக்கிறார்கள். கருவியிடம் இந்தச் சிலையைக் கேட்டேன். இரண்டு கையோடு பளபளவென்று வந்தது. குறையைச் சரிசெய்த படத்தில் கதை போய்விட்டது.

படமே வேண்டாம் என்று சொல்லவில்லை. வரிசையை மாற்றுவோம்.

முதலில் பகுதியை இரண்டு முறை வாசிக்க வேண்டும், படம் இல்லாமல். பழைய மொழிபெயர்ப்பில் வரும் "பதினோராம் மணி" காலைப் பதினொன்று அல்ல, சூரிய உதயத்திலிருந்து எண்ணினால் மாலை ஐந்து என்பதை அப்போதே விளக்கிவிடலாம். பிறகு படத்தைக் காட்டி, பிள்ளைகளை மூன்று பட்டியல் எழுதச் சொல்லுங்கள்: வாசித்ததில் உள்ளது, படம் சேர்த்தது, படம் விட்டது. தியானம் மூன்றாவது பட்டியலிலிருந்து தொடங்கட்டும். படத்தின் கீழே "செயற்கை நுண்ணறிவு உருவாக்கியது" என்று குறிப்பிடுங்கள். படத்துக்குள் தமிழ் எழுத்து இருந்தால் ஒவ்வோர் எழுத்தையும் சரிபாருங்கள். பல நேரம் அது தமிழ்போலத் தெரியுமே தவிரத் தமிழாக இருக்காது.

சமய வகுப்பு நடத்தாத ஆசிரியர்களுக்கும் இது உதவும். தமிழ்மொழிப் பாடத்தில் கண்ணகி வழக்குரைத்த காட்சியைக் கருவியிடம் கேளுங்கள். தலைவிரி கோலமாக, ஒற்றைச் சிலம்போடு நின்றவள் கல்யாணப் பெண்போல் வந்தால், மாணவர்களே கண்டுபிடிக்கட்டும்.

அடுத்த கூட்டத்துக்கு நான் ஒரு படவில்லையும் கொண்டுபோகவில்லை. வெள்ளைத்தாளும் பென்சிலும் கொடுத்து, ஐந்து மணிக்கு நிற்பவரை வரையச் சொன்னேன். ஒரு பையன் கடைவரிசை ஐந்தடியில் பையோடு உட்கார்ந்திருக்கும் வங்காளதேசத் தொழிலாளியை வரைந்தான். ஒரு சிறுமி தன் தாத்தாவை வரைந்தாள். பாட்டி இரண்டையும் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு நான் அதிகம் பேசவில்லை, தேவையும் இருக்கவில்லை.

உங்கள் வகுப்பில் செய்து பார்த்தால், பிள்ளைகளின் மூன்றாவது பட்டியலில் என்ன வந்தது என்று எழுதுங்கள்.